செத்த மீனையும் வாங்கிப் பார்க்கும் கடை

வளர்ப்பு மீன் வாங்குவதற்கு மட்டும் என்றால் காரைக்குடியில் இந்தக் கடைக்குப் போகச் சொல்ல மாட்டேன். இடம் குறுகல், வகை குறைவு, விலையும் கொஞ்சம் கூடுதல். செக்காலை ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பெயர்ப்பலகை எப்போதோ கழன்று விழுந்ததாம், திரும்ப மாட்டவில்லை. "கலர் மீன் கடை பாய்" என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். வளர்த்த மீன் ஒன்று காரணமே தெரியாமல் செத்துக் கிடக்கும் காலையில்தான் இந்தக் கடையின் அருமை தெரியும்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பாடம் எடுத்ததே இல்லை. ஆனாலும் கடைக்காரத் தம்பி உட்பட ஊரே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது. திருத்திப் பார்த்து அலுத்துவிட்டது. பழைய வீட்டில் எங்கள் பங்குக்கு வந்த வளவுத் தாழ்வாரத்தில், வெயில் படாத மூலையில் ஒரு மூன்றடித் தொட்டி வைத்திருக்கிறேன். ஏஞ்சல், மோலி, கொஞ்சம் கப்பி. பெரிதாக ஒன்றுமில்லை.

ஏஞ்சலில் பெரியது ஒரு நாள் காலையில் செத்துக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் முண்டியடித்துக்கொண்டு சாப்பிட்ட மீன். உடம்பில் புள்ளி இல்லை, துடுப்பு கிழியவில்லை, வயிறு வீங்கவில்லை. வயிற்றில் நீர் கோத்தால் செதிலெல்லாம் பலாப்பழத் தோல்போலச் சிலிர்த்து நிற்கும், அதுவும் இல்லை. மற்ற மீன்களெல்லாம் ஒன்றும் நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்தன.

இதற்கு முன் வேறொரு ஊரில் ஒரு கடைக்கு இப்படிப் போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். நான் பேசி முடிப்பதற்குள் நீல மருந்து ஒரு பாட்டில், பச்சை மருந்து ஒரு பாட்டில், மாட்டுக்குப் போடும் ஆன்டிபயாடிக் தூள் ஒரு பொட்டலம் என்று கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கூடவே, "செத்த மீனுக்குப் பதிலா ரெண்டு வாங்கிட்டுப் போங்க, ஜோடியா இருந்தா சாகாது" என்ற யோசனை வேறு. என்ன நோய் என்று யாரும் கேட்கவில்லை.

இந்தத் தம்பி முதலில் கேட்டது, "எத்தனை மணிக்குப் பாத்தீங்க டீச்சர்? ஃப்ரீசர்ல வச்சிட்டீங்களா?" நான் வைக்கவில்லை. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். உறையவைத்தால் திசுவெல்லாம் வெடித்துப்போய் உள்ளே எதையும் பார்க்க முடியாது. வெளியே போட்டுவைத்தால் நம்ம ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் அழுகிவிடும், அதற்கப்புறம் தெரிகிற கிருமி எல்லாம் அழுகலுக்கு வந்த கிருமிதான். ஒட்டுண்ணிகளும் மீன் செத்த கொஞ்ச நேரத்தில் கழன்று போய்விடும். அதனால் செத்த மீனைவிடச் சாகக் கிடக்கும் மீனைக் கொண்டுவருவது நல்லது என்பார். அதை வளர்க்கிறவர்களிடம் சொல்வது கஷ்டம்தான், அவரும் மெதுவாகத்தான் சொல்வார்.

கல்லாவுக்குப் பின்னால் ஒரு பழைய மைக்ரோஸ்கோப் வைத்திருக்கிறார். எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருந்த அதே மாதிரி, கீழே கண்ணாடி வைத்து வெளிச்சம் பிடிக்கும் ரகம். செவுளைத் தூக்கி நிறம் பார்த்தார். மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரைட் விஷம் ஏறியிருந்தால் ரத்தம் காப்பி நிறத்துக்குப் போய்விடும், இது சிவப்பாகவே இருந்தது. செவுளில் கொஞ்சம், தோல் வழுவழுப்பில் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடி ஸ்லைடில் தடவினார். லென்ஸை மேலிருந்து கீழே இறக்கி ஃபோகஸ் செய்தார். இத்தனை வருஷம் பிள்ளைகளைத் திட்டிய வாய் சும்மா இருக்குமா? ஸ்லைடு உடையும் தம்பி, கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றிப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டு நகர்ந்து என்னையே பார்க்கச் சொன்னார். வெண்புள்ளி ஒட்டுண்ணி இருந்தால் லாட வடிவ உட்கரு தெரியும், மெதுவாகச் சுழலும். செவுள் புழு இருந்தால் நெளியும். ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது.

"தெரியலை டீச்சர்" என்றார்.

மருந்து எதுவும் தரவில்லை. இன்னொரு மீன் கேட்டேன், அதையும் தரவில்லை. ஒரு மாதம் பொறுத்து மற்ற மீன்கள் நன்றாக இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். காசு கொடுக்கப்போனால் வாங்கவில்லை. தொழில் தெரியாத வியாபாரி என்று என் பங்காளி வீட்டு அத்தாச்சி இன்றைக்கும் சொல்கிறார்.

அந்தத் "தெரியலை"க்கு முன்னால் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே விவரமாகச் சொல்ல வேண்டும். கடைசியாகத் தொட்டிக்குள் புதிதாகப் போனது எது? செடியா, கல்லா, வேறு டப்பா தீனியா? வீட்டில் பெயின்ட் அடித்தீர்களா, கொசு மருந்து அடித்தீர்களா, கொசுவர்த்திச் சுருள் தொட்டி பக்கத்தில் எரிகிறதா? ராத்திரி கரன்ட் போனதா? தண்ணீர் மாற்றியது எப்போது, எங்கிருந்து பிடித்தது?

தண்ணீர் விஷயத்தில் காரைக்குடிக்காரர்களுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சம்பை ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்கு வேறு ஊர்த் தண்ணீர் எதுவும் பிடிக்காது. ஆனால் குழாயில் வரும்போது குளோரின் சேர்ந்துதான் வரும். நமக்கு வாசனைகூடத் தெரியாத அளவே மீனின் செவுளைப் பொசுக்கப் போதும். ஒரு நாள் திறந்த வாளியில் வைத்தால் போய்விடும், அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட் போட வேண்டும். ஆய்வகத்தில் நான் குப்பி குப்பியாக அடுக்கிய அதே உப்பு. பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்பார்கள். கடைகளில் இதையே தண்ணீரில் கரைத்து, படம் போட்ட லேபிள் ஒட்டி, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். இவர் கடையில் உப்பாகவே, பொட்டலமாகக் கிடைக்கும். இது ஒன்றுக்காகவே போகலாம்.

அடுத்தது அம்மோனியா. மீன் கழிவிலும் மிஞ்சின தீனியிலும் வருவது. ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். அந்தக் குடித்தனம் அமைய ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகலாம். புதுத் தொட்டியில் மீன் மொத்தமாகச் சாவது பெரும்பாலும் இதனால்தான். பலருக்குத் தெரியாத இன்னொன்று, அம்மோனியாவின் அளவு அதேதான் என்றாலும் தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால் விஷமாக இருக்கும் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு ஆகிவிடும். சூடு ஏறினால் இன்னும் கூடும். அந்தச் சூட்டில் தண்ணீரில் பிராணவாயுவும் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கிற இடத்தில் 30 டிகிரியில் ஏழரைதான் நிற்கும். கொப்புடையம்மன் திருவிழாச் சமயத்து வெயிலில் ராத்திரி கரன்ட் போய்க் காற்று மோட்டார் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய மீன்தான் முதலில் போகும்.

என் தொட்டியில் அன்றைக்கு இவை எதுவும் இல்லை. தண்ணீரைக் கொண்டுபோயிருந்தேன், சோதித்தார். அம்மோனியா பூஜ்யம். கரன்ட் போகவில்லை. மற்ற மீன்கள் பிழைத்திருந்ததே தண்ணீரில் கோளாறு இல்லை என்பதற்கு ஓரளவு சாட்சி.

கொஞ்ச நாள் கழித்து என் தங்கை மகனுக்கு வந்த துக்கத்துக்கும் இந்தக் கடைக்குத்தான் போனேன். அவன் மெல்போர்னில் இருக்கிறான். வளர்ப்பது கடல்குதிரை. நம்ம ஊரில் யாரும் அதை வளர்க்க முடியாது. 2001-லேயே கடல்குதிரை இனம் முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பிடித்தாலும் விற்றாலும் ஜெயில். உலக அளவிலும் 2004-லிருந்து நாடு விட்டு நாடு போகக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பண்ணையில் பிறந்ததை வாங்கி வளர்க்கலாம், டாஸ்மேனியாவில் அதற்கென்றே பண்ணை வைத்திருக்கிறார்கள். அவனிடம் இருப்பது பாட்-பெல்லி என்ற ரகம். ஒரு அடிக்கும்மேல் வளரும். குளிர்ந்த கடலில் வாழ்வது, அதனால் தொட்டியை 18 டிகிரியில் வைக்கத் தண்ணீருக்கு ஏசி மாதிரி ஒரு மிஷின் ஓடுகிறது. என் மீனுக்கு மேசை ஃபேன்.

முதலில் அவனுடைய ஆண் குதிரைக்கு நோய் வந்தது. குட்டி சுமக்கும் பை ஆணுக்குத்தான். அந்தப் பைக்குள் காற்றுக் குமிழி சேர்ந்து, மிதந்துகொண்டே கீழே இறங்க முடியாமல் தவித்தது. சில சமயம் வால் தோலுக்கடியிலும் கண்ணைச் சுற்றியும்கூட இந்தக் குமிழி வருமாம். மருத்துவர் எழுதிக்கொடுத்தது அசெட்டசோலமைடு, மனிதர்களுக்குக் கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை. எங்கள் ஆத்தாவுக்கு எழுதிக்கொடுத்த அதே பெயர்! குதிரை பிழைத்துக்கொண்டது. பெயர் தெரிந்த நோய், மருந்து தெரிந்த நோய்.

பெண் குதிரை செத்ததுதான் அவனை உடைத்துவிட்டது. கடல்குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. தின்றது தங்காமல் போய்க்கொண்டே இருப்பதால் ஒரு நாளில் பல தடவை சாப்பிட வேண்டும். குழல் வாயால் சடக்கென்று இறாலை உறிஞ்சும். அந்தச் சடக்குக் குறைந்தால் உடம்பு சரியில்லை என்று வளர்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இவனும் அதைத்தான் தினம் பார்ப்பான். முந்தின ராத்திரிகூடச் சரியாகச் சாப்பிட்டிருக்கிறது. காலையில் வாலைச் செடியில் சுற்றியபடியே செத்திருந்தது. மருத்துவரிடம் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தார்கள். விப்ரியோ என்ற பாக்டீரியா வளர்ந்தது என்று ரிப்போர்ட் வந்தது. ஆனால் விப்ரியோ எந்தக் கடல் தொட்டியிலும் இருக்கும். அதனால் செத்ததா, செத்தபின் பெருகியதா என்று சொல்ல முடியவில்லை.

"நான் என்ன பெரியம்மா தப்பு செஞ்சேன்" என்று அவன் போனில் கேட்டுக்கொண்டே இருந்தான். முப்பது வயதுக்காரன். வீட்டில் இதைச் சொன்னால் மீனுக்காகவா அழுகிறான் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து அவனிடம் இது பற்றிச் சரியாகப் பேசக்கூடிய ஆள் இந்த ஊரில் ஒருவர்தான்.

கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து வீடியோ கால் போட்டுத் தம்பி கையில் கொடுத்தேன். அவர் கடல்குதிரை வளர்த்ததே இல்லை என்பதைத்தான் முதலில் சொன்னார். ஆனால் பூர்வீகம் தொண்டி. சின்ன வயதில் வலையில் இறாலோடு இறாலாகக் கடல்குதிரையும் வந்து விழும், கரையில் காயவைத்து எடை போட்டு விற்பார்கள், வெளிநாட்டு மருந்துக்குப் போகும். "எங்க அத்தா காலத்துல நாங்க அதைக் காசாத்தான் பாத்தோம்ண்ணே. நீங்க ஒண்ணுக்கு இவ்வளவு பாக்குறீங்க" என்றார். அப்புறம் கேள்விகளை ஆரம்பித்தார். ஏறக்குறைய என்னிடம் கேட்டவைதான். குளிர் மிஷின் ராத்திரியில் நின்றதா? கடைசியாக உள்ளே போன புதுப் பொருள் எது? உறைந்த இறால் பாக்கெட் மாற்றினீர்களா, ஒரு தடவை உருகி மறுபடி உறைந்ததா? ஆண் குதிரை எப்படி இருக்கிறது? அவன் ஒவ்வொன்றுக்கும் நோட்டைப் பார்த்துப் பதில் சொன்னான். வெப்பநிலை எழுதிவைத்திருந்தான். நிற்கவில்லை. புதிதாக எதுவும் போகவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னது: "பாக்காம தெரியலைங்கிறது வேற. நீங்க எல்லாத்தையும் பாத்துட்டீங்க. உங்க வேலை முடிஞ்சுதுண்ணே. இனி உயிரோட இருக்கிறதைப் பாருங்க." அதற்கப்புறம் ஆண் குதிரைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ரொம்ப நேரம் பேசினார்கள். புதுத் துணை உடனே வேண்டாம், வந்தாலும் தனித் தொட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள், வலையையும் குழாயையும் தொட்டிக்குத் தொட்டி மாற்றிப் போடாதீர்கள். கல்லாவில் ஒரு ரூபாய் விழாத அரை மணி நேரம். அதற்குள் வந்த ஒரு வாடிக்கையாளர் காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

மாதத்தில் யாராவது ஒருவர் அந்தக் கடையில் வந்து கடல்குதிரை கிடைக்குமா என்று கேட்பதையும் பார்த்திருக்கிறேன். யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். கிடைக்காது, கேட்காதீர்கள், எங்கேயாவது கிடைத்தாலும் வாங்காதீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். நாட்டு மருந்துக்குக் காய்ந்தது கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் குரல் உயரும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் விற்கிறார். எனக்கு இதில் அவரோடு நிரந்தரச் சண்டை. ஒரு அடி வளர வேண்டிய மீனை ஃபில்டர் இல்லாத இரண்டு லிட்டர் தண்ணீரில் விட்டால் அது ஏன் செத்தது என்று மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. "கிண்ணம் விக்கலேன்னா கடை வாடகை யாரு குடுப்பா டீச்சர்" என்கிறார். நியாயம் இருக்கலாம், எனக்கு ஒப்பவில்லை. ஒரு தடவை ஒரு அப்பா வந்து, செத்த மீன் நிறத்திலேயே ஒன்று கொடுங்கள், பள்ளிவிட்டுப் பிள்ளை வருவதற்குள் மாற்றி வைக்க வேண்டும் என்று கேட்டார். அதற்கு மட்டும் மறுத்துவிட்டார். கிண்ணத்தை விற்றதும் இவர்தான் என்பது அந்த அப்பாவுக்கு ஞாபகம் வரவில்லை போலும்.

செடிகள் வாங்காதீர்கள், நத்தை முட்டையோடு வரும். மீன்கள் சென்னை கொளத்தூரிலிருந்து ஆக்சிஜன் பையில் ராத்திரிப் பயணமாக வருகின்றன. வந்த அன்றே வாங்கினால் களைத்துக் கிடக்கும். நான் ஒரு வாரம் கடைத் தொட்டியில் நின்ற மீனைத்தான் வாங்குவேன், அவரும் கேட்டால் எது எப்போது வந்தது என்று ஒளிக்காமல் சொல்வார். போனை எடுக்க மாட்டார். பில் கேட்டால் காலண்டர் தாள் கிழித்து எழுதித் தருவார். தண்ணீர் சோதிக்கும் சொட்டு மருந்தில் ஒன்று காலாவதியாகி இருந்ததை ஒருநாள் பார்த்துச் சொன்னேன். பழைய ரசாயனம் பொய் நிறம் காட்டும், அதை நம்பி மருந்து போட்டால் நல்ல மீனும் போய்விடும். முகம் சுளிக்காமல் என் எதிரிலேயே குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த முறை போகும்போது புதிது வாங்கி வைத்திருந்தார். இப்போது எல்லாக் குப்பியிலும் திறந்த தேதி எழுதி ஒட்டியிருக்கிறது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

மருந்து வாங்கப் போகிறவர்கள் ஏமாற்றத்துக்குத் தயாராகப் போங்கள். வெண்புள்ளி கண்ணுக்குத் தெரிந்தால் தருவார். ஒரு தடவை போட்டால் போதாது, ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்போது மருந்து தொடாது, வெளியே நீந்தி வரும்போதுதான் சாகும், அதனால் இத்தனை நாள் விட்டு மறுபடி போடுங்கள் என்று கணக்குச் சொல்லித் தருவார். ஆன்டிபயாடிக் அவரிடம் கிடையவே கிடையாது. கூட்டமாக மீன் செத்தால், பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களாக இருந்தால், அவரே தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கு எழுதச் சொல்கிறார்.

தொட்டித் தண்ணீரைத் தனிப் பாட்டிலில், சோப்புப் போட்டுக் கழுவாத பாட்டிலில், விளிம்பு வரை நிரப்பி எடுத்துப் போங்கள். செத்த மீனைத் தொட்டித் தண்ணீரிலேயே ஊறப்போட்டுக் கொண்டுபோகாதீர்கள், இரண்டையும் தனித்தனியாகத்தான் வாங்குவார். தொட்டியின் நீள அகல உயரம் தெரிந்திருக்க வேண்டும், "சுமாரா பெரிசு" என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். மதியம் 2-லிருந்து 4 வரை கடை இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் வர இன்னும் நேரமாகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழந்தைகள் கூட்டத்தில் மைக்ரோஸ்கோப்பை வெளியே எடுக்கவே மாட்டார்.